மூடிய சட்டியும் அயலவர் உரிமையும்

ஒரு வீட்டில் சமைக்கும் உணவு அந்த வீட்டாருக்குச் சொந்தம். அதில் தர்க்கமில்லை. ஆனால் அந்த உணவின் மணம் யாருக்குச் சொந்தம்? காணிக்கு எல்லைக் கல் நாட்டலாம், மதிலும் எழுப்பலாம். மணத்துக்கு வேலி போட்டவர் எவருமில்லை. கொழும்பு வீதியில் கண்டியை நெருங்கி வரும்போது பித்தளைக் கடைகள் தென்படும் இடம் எங்கள் பிலிமத்தலாவை. வீதியை விட்டு உள்ளே இறங்கினால் மேடும் பள்ளமுமான காணிகள். கீழ் வீட்டுக் குசினியின் கூரையும் மேல் வீட்டு முற்றமும் ஒரே மட்டத்தில் இருக்கும். கீழே வெங்காயம் வதங்கினால் மேலே தெரியும். சிங்கள பௌத்தரும் முஸ்லிம்களும் இப்படித் தோளோடு தோள் உரசி வாழும் ஊரில், மாட்டிறைச்சி சமைப்பது வெறும் சமையல் விடயமாக நின்றுவிடுவதில்லை. அது ஓர் ஒழுக்கப் பிரச்சினையும் ஆகிறது. அப்பிரச்சினை பற்றியே இங்கு சிந்திக்க விரும்புகிறேன்.

வளைகுடா நாடுகளிலிருந்து திரும்புவோரின் பெட்டிகளில் வந்து சேரும் பொருள்களில் ஒன்று ‘ஸ்லோ குக்கர்’. எங்கள் வீட்டுக்கும் அவ்வாறே ஒன்று வந்தது. வெளியே ஓர் உலோகக் கூடு, அதனுள் சூடேறும் மின்கம்பி, உள்ளே தடித்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. அவ்வளவுதான் அதன் அமைப்பு. காலையில் சுபஹுக்குப் பின் இறைச்சியை அதில் இட்டு மூடிவிட்டுப் பாடசாலைக்குப் போனால், அஸருக்கு முன் ஸ்டூ ஆயத்தமாக இருக்கும்.

இதற்கு விலையுயர்ந்த இறைச்சி வேண்டியதில்லை. நிறைய நடந்து திரிந்த மாட்டின் கால் தசையே மிகப் பொருத்தம். அதிகம் உழைத்த தசையில் இணைப்பிழைகள் அதிகம். கொலாஜன் எனப்படும் அந்தப் புரதம் அவசரச் சூட்டில் இறுகி இறைச்சியைத் தோலாக்கிவிடும். ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட ஈரச் சூட்டில் மணிக்கணக்காக இருந்தால்தான் அது மெல்ல உருகி ஜெலட்டினாக மாறும். குழம்புக்குத் தடிப்பையும் நாவில் ஒட்டும் சுவையையும் தருவது அந்த ஜெலட்டின்தான். பெரிய துண்டுகளாக வெட்டிய இறைச்சியை முதலில் தாச்சியில் இட்டு நாற்புறமும் சிவக்க வாட்டிக்கொள்ள வேண்டும். பின் வெங்காயம், இஞ்சி, வெள்ளைப்பூடு, மிளகு, ஒரு துண்டு கறுவா, இரண்டு ஏலம், றம்பை. உருளைக்கிழங்கையும் கரட்டையும் அடியில் இட வேண்டும். இந்தச் சட்டியில் அவை இறைச்சியை விட மெதுவாகவே வேகும். தண்ணீர் கொஞ்சமே போதும். மூடியில் படியும் ஆவி மறுபடி சட்டிக்குள்ளேயே விழுவதால் வற்றுவது சொற்பம். இடையில் மூடியைத் திறக்கலாகாது. ஒரு முறை திறந்தால் போன சூடு திரும்ப நெடுநேரம் ஆகும்.

பிரஷர் குக்கர் அரை மணித்தியாலத்துக்கு இரைந்து ஓய்ந்துவிடும். இதுவோ எட்டு மணித்தியாலம் அமைதியாக வேகும். அந்த எட்டு மணித்தியாலமும் ஜன்னல் வழியே ஒரு மெல்லிய மணம் மேல் வீட்டு முற்றத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். அங்கே சில் அனுஷ்டிக்கும் ஒரு முதிய பெண்மணி அமர்ந்திருப்பார். கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

மணம் ஓர் ஒழுக்க விடயமா என்று எவரேனும் வியக்கலாம். எங்கள் மார்க்கத்தில் அது தெளிவாகவே ஒழுக்க விடயம். பச்சை வெங்காயமும் பூடும் உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்பது புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழி. பூடு ஹராமா என்றால் இல்லை. அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரழி) அவர்கள் பூடு சேர்த்த உணவொன்றை அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் அதை உண்ணவில்லை. ஹராமா என வினவப்பட்டபோது, இல்லை, அதன் வாடைக்காகவே தவிர்த்ததாக விளக்கினார்கள். உமர் (ரழி) அவர்கள் தமது ஜும்ஆப் பிரசங்கமொன்றில், இவற்றை உண்டே தீர வேண்டுமென்றால் நன்கு சமைத்து அந்த வாடையைச் சாகடித்துவிட்டு உண்ணுமாறு சொன்னார்கள். முற்றாக ஆகுமான ஒரு பொருளின் வாடை, பக்கத்தில் நிற்பவரின் உரிமையைத் தொடும்போது அங்கே கட்டுப்பாடு பிறக்கிறது. ஹலால் என்ற சொல் உண்பவருக்கும் உணவுக்கும் இடையிலுள்ள உறவைத் தீர்மானிக்கிறது. உண்பவருக்கும் அயலவருக்கும் இடையிலுள்ள உறவைத் தீர்மானிக்க வேறொரு சொல் இருக்கிறது. அதுவே அதபு.

அயலவரும் சட்டியும் பற்றி நாம் பெரிதும் அறிந்த ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமில் அபூதர் (ரழி) அவர்கள் வழியாக வருவது. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி, அயலவரையும் கவனித்துக்கொள்ளுமாறு அவர்களுக்கு உபதேசிக்கப்பட்டது. இறைச்சியைக் கூட்டச் சொல்லவில்லை, தண்ணீரைக் கூட்டச் சொல்லப்பட்டிருக்கிறது. ஏழைக்கும் இயலுமான காரியம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் தம் வீட்டில் ஆடறுக்கப்பட்ட வேளை, எங்கள் யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா, கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என திர்மிதியும் அபூதாவூதும் பதிவு செய்கின்றனர். அயலவர் என்பதற்கு முஸ்லிமாக இருப்பது நிபந்தனையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த யூத அயலவர் ஆட்டிறைச்சி உண்பவர். எங்கள் மேல் வீட்டுப் பெண்மணி மாட்டிறைச்சியைக் கையாலும் தொடமாட்டார். தண்ணீரை எவ்வளவு கூட்டினாலும் அந்த ஆணம் அவருக்கு ஆகாது. மணம் மட்டும் அவரிடம் போகிறது, பங்கு போகவில்லை. அப்படியானால் அந்த ஹதீஸ் எங்கள் ஊரில் எப்படி நிறைவேறும்?

இதற்கு விடை காண்பதற்கு முன், அவருக்கு ஏன் அது ஆகாது என்பதை நாம் நியாயமாக விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தரப்பில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் உண்டு. பௌத்தர்கள் மீன் தின்கிறார்கள், கோழி தின்கிறார்கள், மாட்டிறைச்சிக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சல் என்பது அந்த வாதம். தேரவாத விநயத்தில் பிக்குகளுக்கே இறைச்சி முற்றாகத் தடுக்கப்படவில்லை, தமக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் சந்தேகியாமலும் இருந்தால் ஏற்கலாம் என்பதும் உண்மையே. ஆனால் மேல் வீட்டாரின் உணர்வு விநய நூலிலிருந்து வந்ததன்று. அது வயலிலிருந்து வந்தது. உழுத மாட்டுக்கும் பால் தந்த பசுவுக்கும் விவசாயி பட்ட நன்றிக்கடன் அது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில், இங்கு மாட்டிறைச்சி உண்பது அருவருப்பாகக் கருதப்பட்டதை எழுதியிருக்கிறார். ஆக, இது நேற்று மேடையில் எவரோ கிளப்பிவிட்ட உணர்வன்று. மேடைகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன என்பது வேறு கதை.

எங்களுக்கும் அந்த மாட்டோடு ஒரு பழைய கணக்கு உண்டு. கண்டி மன்னர் காலத்தில் முஸ்லிம்களில் கணிசமானோர் மடிகே எனப்பட்ட போக்குவரத்துப் பகுதியில் பணிபுரிந்தனர். கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்குக் கொண்டுவந்ததும், மலைநாட்டுப் பாக்கைக் கரைக்கு இறக்கியதும் அவர்களது தவளம் மாடுகள். முஸ்லிம்களின் இந்தப் பங்கை 1994இல் வெளிவந்த தமது நூலில் கலாநிதி லோர்னா தேவராஜா விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். எங்கள் முன்னோரின் சோற்றைச் சுமந்ததும் மாடுதான். எனவே, மாட்டுக்கு நன்றி என்ற சொல் எங்களுக்குப் புரியாத மொழியன்று. உழைத்துக் களைத்த தசையை நாள் முழுதும் பொறுமையோடு வேகவைத்து, ஓர் எலும்பையும் வீணாக்காது உண்பதும் அந்த நன்றியின் ஒரு வடிவமாகலாம் என நான் எண்ணுவதுண்டு. மேல் வீட்டார் இதை ஏற்கமாட்டார். ஏற்கவும் வேண்டியதில்லை.

இனி எதிர்த் தரப்பு வாதத்தையும் பார்ப்போம். அல்லாஹ் ஆகுமாக்கியதை அயலவரின் முகத்துக்காக விடுவது மார்க்கத்தைச் சுருக்குவதாகாதா என்று கேட்போர் உள்ளனர். கேள்வியில் நியாயமுண்டு. ஹலாலை ஹராமாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் ஒன்றைத் தவிர்ப்பது வேறு, தடை செய்வது வேறு. மைமூனா (ரழி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் உண்ணவில்லை. தமது ஊரில் பழக்கமில்லாதது என்பதால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். அருகிலிருந்த காலித் இப்னு வலீத் (ரழி) அவர்களோ அதை இழுத்துவைத்து உண்டார்கள். நபியவர்கள் தடுக்கவில்லை. ஒரே விரிப்பில் ஒருவர் தவிர்த்தார், மற்றவர் உண்டார். தவிர்த்தவர் தடுக்கவுமில்லை, உண்டவர் வற்புறுத்தவுமில்லை. ஒரு நாட்டையே அந்த விரிப்பாகக் கற்பனை செய்து பார்க்கலாம்.

உமர் (ரழி) அவர்கள் தொடர்பான இன்னொரு செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் உண்டு. ஜாபிர் (ரழி) அவர்கள் இறைச்சி சுமந்து வருவதைக் கண்டு, இது என்ன எனக் கேட்கிறார்கள். ஆசைப்பட்டு ஒரு திர்ஹத்துக்கு வாங்கியதாகப் பதில் வருகிறது. அயலவருக்காகவும் உறவினருக்காகவும் தம் வயிற்றைச் சற்று மடித்துக்கொள்ள உங்களுக்கு மனமில்லையா என்பதே உமர் (ரழி) அவர்களின் கேள்வியாக இருந்தது. வாங்கியது ஹராமான பொருளல்ல, வாங்கியவரும் சாதாரண மனிதரல்ல. இருந்தும் அந்தக் கேள்வி எழுந்தது.

இவ்வளவும் சொன்ன பின் முடிவு இலகுவானது போலத் தோன்றும். ஜன்னலைச் சாத்துவோம், சட்டியை மூடுவோம், போயா தினத்தில் அந்தச் சட்டியை எடுக்காதிருப்போம், பிரச்சினை தீர்ந்தது என்று. நானும் அவ்வாறே செய்கிறேன். ஆனால் பிரச்சினை அத்தோடு தீரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு நாள் வகுப்பில் ‘எனக்குப் பிடித்த உணவு’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவனின் அப்பியாசக் கொப்பியில் ஒரு சொல் அழுத்தி வெட்டப்பட்டு, அதன் மேல் ‘கோழிக் கறி’ என்று எழுதப்பட்டிருந்தது. வெட்டிய சொல் ‘மாட்டிறைச்சி’ என்பது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது. ஏன் வெட்டினாய் என்று மெதுவாகக் கேட்டேன். “உம்மா செல்லீக்கி சேர், அத வெளிய செல்லப்படாதுண்டு” என்றான். அவனது உம்மாவில் நான் குறை காணவில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் தீ எரிந்ததைக் கண்ட கண்டி மாவட்டத்துத் தாய் அவர். 2015 செப்டெம்பரில் இந்தியாவின் தாத்ரி அருகே, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இறைச்சி பற்றிய வதந்திக்காக முஹம்மத் அக்லாக் என்பவர் அடித்துக் கொல்லப்பட்டதையும் அவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கக் கூடும். பிள்ளையின் உயிருக்கு அஞ்சுகிற தாயிடம் போய் தைரியத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது எளிது, நியாயமன்று.

ஆனால் அந்த வெட்டிய சொல்லை நான் மறக்கவில்லை. நான் என் சட்டியை மூடுகிறேன். அந்தத் தாயும் மூடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே ஒன்று அதபு, மற்றது அச்சம். இறைச்சிக் கடையிலிருந்து வருவோர் கறுப்புப் பையில் சுற்றி, அதைக் கடதாசியில் சுற்றி, அதை மரக்கறிக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவருவதை நாம் காண்கிறோம். மரியாதைக்காக மறைக்கிறார்களா, பயத்துக்காக மறைக்கிறார்களா என்பதை அவர்களே சில வேளை அறியமாட்டார்கள். அச்சத்தால் மூடிப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் தன் உணவையிட்டு வெட்கப்படும், அல்லது வீம்புக்காகவே ஒருநாள் மூடியைத் திறந்துவைக்கும். இரண்டிலும் அதபு இல்லை.

இந்த ஸ்லோ குக்கரின் பூர்வீகமே இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்த இர்விங் நக்ஸன் ஒரு யூதர். 1936இல் விண்ணப்பித்து 1940இல் உரிமம் பெற்றார். ‘கிரொக் பொட்’ என்ற பெயரில் 1971இல் வேறொரு நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே உலகமெங்கும் பரவியது. லித்துவேனியாவில் வாழ்ந்த மூதாதையர் சப்பாத் தினத்துக்காக வெள்ளி மாலையில் பாண் போறணையில் வைத்துவிட்டு மறுநாள் எடுக்கும் ‘சோலண்ட்’ என்ற குழம்பைப் பற்றித் தாய் சொன்ன கதையிலிருந்தே இந்த யோசனை பிறந்ததாக அவர் கூறியிருக்கிறார். சனிக்கிழமை நெருப்பு மூட்டக் கூடாது என்ற மார்க்கச் சட்டத்துக்கு அமைய உருவான சமையல் அது. இதே வகைக் குழம்பு முஸ்லிம் ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் வாழ்ந்த யூதரிடம் ‘தஃபீனா’ என்ற பெயரில் இருந்தது. புதைக்கப்பட்டது, மூடப்பட்டது என்று பொருள்படும் அரபுச் சொல் அது. தணலுக்குள் சட்டியை மூடிவைத்ததால் வந்த பெயர்.

ஸ்பெயின் கிறிஸ்தவ மன்னரின் கைக்குப் போனபின், மதம் மாற்றப்பட்ட யூதர்களையும் முஸ்லிம்களையும் கண்காணித்த திருச்சபை விசாரணை மன்றங்கள், சமையலறையையே சாட்சிக் கூண்டாக்கின. வெள்ளிக்கிழமை மூடிவைத்த சட்டி யூதருக்கு எதிரான சாட்சி. பன்றி இறைச்சியைத் தவிர்ப்பது முஸ்லிமுக்கும் யூதருக்கும் எதிரான சாட்சி. அயலவரின் மூக்கும் வேலைக்காரியின் கண்ணும் உளவாளிகளாயின. ஒரு காலத்தில் வணக்கத்துக்காக மூடப்பட்ட அதே சட்டி, பின்னர் உயிருக்காக மூடப்பட்டது. சட்டியும் மூடியும் மாறவில்லை. மாறியது அயல்.

ஆகவேதான் இந்நாட்டில் மாடறுப்புத் தடை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் வருத்தம், இறைச்சி கிடைக்காமல் போகுமே என்பதனால் அல்ல. 2013 வெசாக் தினத்தில் தலதா மாளிகைக்கு முன் ஓர் இளம் பிக்கு மாடறுப்புக்கு எதிராகத் தமக்குத்தாமே தீமூட்டிக்கொண்டு மறுநாள் உயிர் நீத்தார். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அது துயரம். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. 2021 அக்டோபரில் 1893ஆம் ஆண்டின் மாடறுப்புக் கட்டளைச் சட்டம் உள்ளிட்ட சட்டங்களைத் திருத்தவும் அங்கீகாரம் அளித்தது. உண்போருக்கு இறக்குமதி இறைச்சி வழங்குவதும் அந்த யோசனையின் ஓர் அங்கம். அதாவது, உயிர் போகலாம், ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத நாட்டில் போகட்டும் என்பதே அதன் பொருள். இது கருணையின் தர்க்கமாக எனக்குப் படவில்லை.

தடைச் சட்டம் என் தட்டிலிருந்து பறிப்பது இறைச்சியை மட்டுமன்று. அயலவருக்காக நானாக மனமுவந்து விட்டுக்கொடுக்கும் வாய்ப்பையும் அது பறிக்கிறது. போயா தினத்தில் நான் சட்டியை எடுக்காதிருந்தால் அது ஒரு பரிசு. எடுத்தால் சிறை என்றாகிவிட்டால் அது பரிசாகாது. கட்டாயம் வந்த இடத்தில் மரியாதைக்கு இருக்கை கிடைப்பதில்லை.

அதேவேளை, உரிமை என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதும் எங்களை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு அருகிலேயே சரித்திரம் உண்டு. இங்கிருந்து அதிக தூரமில்லாத கம்பளையில், வலகாகொட தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியம் இசைப்பது பற்றித் தகராறு ஏற்பட்டது. இன்று மணம், அன்று ஓசை. இரண்டுமே மதிலைத் தாண்டுபவை. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி எதிர்த் தரப்புக்குச் சார்பாகத் தீர்த்தது. அந்த ஆண்டு வெசாக் இரவில், மே 28ஆம் திகதி, கண்டியில் கலவரம் மூண்டு நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. கடைகளை எரித்தவர்களின் குற்றத்தை எந்தத் தீர்ப்பும் நியாயப்படுத்தாது. ஆயினும், அயலவர் இருவர் முற்றத்தில் நின்று பேசித் தீர்க்க வேண்டிய விடயம் சட்டப் புத்தகத்துக்குப் போனால், அங்கே ஒருவர் வெல்வார், அயல் தோற்கும் என்பதை அச்சம்பவம் காட்டுகிறது.

சரி, இவ்விரண்டுக்கும் நடுவே வழி எது? அபூதர் (ரழி) அவர்களின் ஹதீஸுக்கே திரும்புகிறேன். அது இரண்டு காரியங்களைச் சொல்கிறது. ஒன்று தண்ணீரைக் கூட்டுவது. மற்றது அயலவரைக் கவனிப்பது. இரண்டாவதே நோக்கம், முதலாவது அதற்கான வழி. கவனித்தல் என்பதில் அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று அறிவதும் அடங்கும். அறிந்தபின் அவருக்கு ஆகாத சட்டியை மூடுவதும், அவருக்கு ஆகும் வேறொன்றை அனுப்புவதும் அதே கடமையின் இரு பாதிகள். மூடுவது மட்டும் நடந்து, அனுப்புவது நின்றுபோனால், அந்த மூடியைப் பயம் என்றோ களவு என்றோதான் அயலவர் வாசிப்பார். பழகாத வீட்டின் சாத்திய ஜன்னல் எவருக்கும் சந்தேகமே தரும். பழகிய வீட்டின் சாத்திய ஜன்னல், எனக்காகச் சாத்தியிருக்கிறார்கள் என்று புரியவைக்கும்.

இந்தப் பாடத்தில் எங்கள் அயலவர்கள் பலர் எங்களை முந்திவிட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சித்திரைப் புத்தாண்டில் மேல் வீட்டு ஆச்சி கெவுனும் கொக்கிஸும் வாழைப்பழமும் அனுப்புவார். தட்டை எங்கள் கையில் தரும்போது, புதுத் தேங்காயெண்ணெயில், வேறு எதுவும் படாத தாச்சியில் பொரித்தது என்று ஒவ்வோராண்டும் தவறாமல் சொல்வார். எங்கள் ஹலால் ஹராமை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை. அயலில் இருந்து படித்தார். எங்கள் விலக்கை அவர் தமது அடுப்பில் நினைவு வைத்திருக்கிறார் என்றால், அவரது விலக்கை நாம் எங்கள் அடுப்பில் நினைவு வைப்பது எவ்வகையில் தாழ்வாகும்?

2022ஐ எவரும் மறந்திருக்கமாட்டார். எரிவாயு இல்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஸ்லோ குக்கர் அலுமாரியின் மேல் ஏறியது. விறகடுப்பு மீண்டும் முற்றத்துக்கு வந்தது. அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூலை 10ஆம் திகதி. நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம். மூன்றாம் நாள் எசல போயா. பெருநாளுக்கு முந்திய மாலை, ஆச்சி தமது பேரனின் தோளில் ஒரு கட்டு கிளிரிசீடியா விறகை ஏற்றி அனுப்பினார். பின்னால் தாமும் மெல்ல இறங்கி வந்து, “இஸ்கோலே மஹத்தயா, பெருநாளும் அதுவுமாய் அடுப்பு அணையக் கூடாது” என்று சிங்களத்தில் சொன்னார். எங்கள் அடுப்பில் மறுநாள் என்ன வேகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தாம் ஒருபோதும் தொடாத சட்டிக்கு அவர் விறகு தந்தார். மாடறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார் என்று இதற்கு நான் பொருள் கொள்ளவில்லை. போயாவன்று விகாரையில் அவர் அந்த உயிருக்காகவும் பிரார்த்தித்திருப்பார். உடன்படாமலேயே உதவலாம் என்பதைத்தான் அவர் காட்டினார். பெருநாளன்று எங்கள் வீட்டிலிருந்து வட்டலப்பமும் பழமும் மேலே போயின. உழ்ஹிய்யா இறைச்சி வழமைபோல் உரியவர்களுக்குப் போயிற்று. மதியம் ஜன்னல் சாத்தியே இருந்தது. அன்று அதைச் சாத்தியபோது என் மனத்தில் அச்சம் இருக்கவில்லை.

குர்பானில் இறைவனைச் சென்றடைவது இறைச்சியன்று, உள்ளத்தின் பயபக்தியே என்பது திருமறையின் போதனை. அந்தப் பயபக்தியை அளக்க நம்மிடம் கருவி கிடையாது. ஆனால் அதன் நிழல் அயலவரின் முகத்தில் சில வேளை விழும். சட்டியை மூடும்போது எதற்காக மூடுகிறோம் என்று நம் பிள்ளைகளுக்கு வாய் திறந்து சொல்ல வேண்டும். இது நமக்கு ஹலால், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மேல் வீட்டு ஆச்சிக்கு இதன் மணம் ஆகாது, அதனால் மூடுகிறோம் என்று. அப்படிச் சொல்லக் கேட்ட பிள்ளை கட்டுரைக் கொப்பியில் தன் சொல்லை வெட்டவும் மாட்டான், சந்தியில் நின்று அதைக் கொண்டு எவரையும் சீண்டவும் மாட்டான். அதற்கு மேல் இடப்பட்ட தாய்மாரின் அச்சத்தை நீக்குவது அரசினதும் பெரும்பான்மைச் சமூகத்துப் பெரியவர்களினதும் பொறுப்பு. அதை அவர்களிடம் கேட்க வேண்டும், உரத்தே கேட்க வேண்டும்.

மீதி எங்கள் குசினியில் இருக்கிறது. மெதுவாய் வேகும் சட்டியில் பாதி வழியில் எதையும் சேர்க்க முடியாது. மூடியைத் திறந்தால் சூடு போய்விடும். வேண்டிய தண்ணீரை மூடுவதற்கு முன்பே அளந்து ஊற்றிவிட வேண்டும். அயலவரின் பங்கும் அவ்வாறானதே. ஊரில் ஏதாவது நடந்தபின் ஓடிப்போய் வட்டலப்பம் நீட்டுவதில் பயனில்லை. சாதாரண நாட்களில், எவரும் கேட்காத வேளையில், காலையிலேயே அது கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும்.